பணித்தளத்தில் பாடுகள்: புதிய மிஷனரிக்கு ஒரு வழிகாட்டி

அர்ப்பணிப்புக் கூட்டத்தில் "ஆண்டவருக்காகப் பாடுபடத் தயாரா?" என்று கேட்கும்போது கை உயர்த்துகிறவர்களின் மனதில் பெரும்பாலும் சிறையும் கல்லெறியும்தான் இருக்கும். பணித்தளத்துக்குப் போனபின் முதலில் வந்து நிற்பவை வேறு. மூன்றாவது மாதமும் நிற்காத வயிற்றுப்போக்கு, நாவில் ஏறாத மொழி, உடன் ஊழியரோடு முகம் கொடுத்துப் பேச முடியாத நிலை, பிள்ளையின் காய்ச்சல், ஊரில் தளர்ந்துவரும் பெற்றோர், யாரும் நின்று கேட்காத பிரசங்கம். சிறைக்குத் தயாராக வந்தவர் இவற்றில் உடைந்துபோகிறார். உடைந்ததற்கு வெட்கப்பட்டு மறைக்கிறார். மறைத்ததாலேயே, உதவி எட்டுமுன் திரும்பிப் போய்விடுகிறார்.

பாடுகளை ஏற்றுக்கொள்ள ஆயத்தம் உண்டு. அதில் பாதிக்குமேல் பயணச்சீட்டு எடுக்குமுன்னே முடிக்கவேண்டிய வேலை. எல்லாப் பாட்டையும் ஏற்கவேண்டியதில்லை என்று தெரிந்துகொள்வதும் அந்த ஆயத்தத்தில் அடக்கம். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது அங்கேதான்.

முதல் படி, புறப்படுமுன்: வேதத்தை இரண்டு பத்தியாக வாசியுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் "ஏற்றது", வலப்பக்கம் "விலகியது" என்று தலைப்பிடுங்கள். அப்போஸ்தலர் 9 முதல் 28 வரை, அதன்பின் இரண்டாம் கொரிந்தியர் முழுவதும் வாசியுங்கள். நாளுக்கு இரண்டு அதிகாரம் வைத்தால் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். பவுல் எந்தப் பாட்டை ஏற்றார், எதிலிருந்து விலகினார் என்று வசன எண்ணோடு குறித்துக்கொண்டே போங்கள்.

இடப்பக்கம் வேகமாக நிரம்பும். 2 கொரிந்தியர் 11:23–28 மட்டுமே ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளும்: ஒன்று குறைய நாற்பது அடியாக ஐந்துதரம், மிலாறுகளால் (கோல்களால்) மூன்றுதரம், கல்லெறி ஒருதரம், கப்பற்சேதம் மூன்றுதரம். பட்டியல் அதோடு நிற்பதில்லை என்பதைக் கவனியுங்கள். ஆறுகளால் மோசம், கள்ளரால் மோசம், கள்ளச் சகோதரரால் மோசம், கண்விழிப்பு, பசி, குளிர், கடைசியில் சபைகளைக் குறித்த அன்றாடக் கவலை. இரத்தம் வந்த அடியையும் தூக்கம் வராத இரவையும் பவுல் ஒரே பட்டியலில் வைக்கிறார். உங்கள் தூக்கமின்மை "இதெல்லாம் ஒரு பாடா" என்று ஒதுக்கித் தள்ளவேண்டியது அல்ல.

வலப்பக்கத்தைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள். தமஸ்குவில் கொலைச்சதி தெரியவந்ததும் சீஷர்கள் அவரைக் கூடையில் வைத்து மதில் வழியாய் இறக்கிவிட்டார்கள். அவரும் இறங்கிப் போனார். பிலிப்பியில் அடிபட்டு, தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டு இரவைக் கழித்து, விடிந்தபின்தான் தாம் ரோமக் குடியுரிமை உள்ளவர் என்றார் (16:37). எருசலேமிலோ, வாரினால் கட்டும்போதே, முதல் அடி விழுமுன் பக்கத்தில் நின்ற நூற்றுக்கு அதிபதியிடம் அதைச் சொல்லிவிட்டார் (22:25). அதே மனிதர், அதே உரிமை. ஓரிடத்தில் அடி விழுந்தபின் வெளிவந்தது, இன்னோரிடத்தில் விழுமுன்னே. பிலிப்பியில் அதிகாரிகளே நேரில் வந்து வருந்திக் கேட்டு அனுப்பும்படி அவர் நின்றதால், பின்னால் விட்டுச்சென்ற இளம் சபைக்குக் கொஞ்சம் மரியாதையும் பாதுகாப்பும் மிஞ்சியிருக்கும். சட்டத்தைப் பயன்படுத்துவதும் தப்பிச் செல்வதும் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போகச் சொன்னவர் இயேசுவே (மத்தேயு 10:23).

இரண்டாவது படி: வந்திருக்கும் பாடு எந்த வகை?

ஒவ்வொரு பாட்டையும் ஏற்குமுன் நான்கு வகையில் எது என்று பிரித்துப் பாருங்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சுவிசேஷத்தினிமித்தம் வருவது முதல் வகை: பழிச்சொல், விலக்கிவைப்பு, வழக்கு, அடி. இது அதிசயமல்ல என்று பேதுரு முன்னமே சொல்லிவைத்திருக்கிறார் (1 பேதுரு 4:12). இரண்டாவது, அந்த இடத்தில் வாழ்வதாலேயே வருவது: வெப்பம், நோய், தனிமை, வசதிக்குறைவு. அங்குள்ள மக்கள் தலைமுறையாய்ச் சுமப்பதை நீங்களும் பங்குபோடுகிறீர்கள். இவ்விரண்டையும் ஏற்கலாம், முடிந்தவரை குறைத்துக்கொண்டும் வாழலாம்.

மூன்றாவது, நம் கவனக்குறைவாலும் முரட்டுத்தனத்தாலும் வருவது. அந்த ஊரின் வழக்கம் தெரியாமல் பேசியது, பிறர் வணங்குவதை இழிவாய்ச் சொன்னது, விசா நிபந்தனையை மீறியது, கணக்கு எழுதாமல் பணத்தைக் கையாண்டது. இதனால் வரும் எதிர்ப்புக்கு உபத்திரவம் என்று பெயர் வைக்காதீர்கள். கொலைகாரனாகவோ திருடனாகவோ அந்நிய காரியத்தில் தலையிடுகிறவனாகவோ பாடுபடக்கூடாது என்பதும் அதே பேதுருதான் (4:15). இங்கே செய்யவேண்டியது மன்னிப்புக் கேட்பது, பழக்கத்தை மாற்றுவது.

நான்காவது வகை நம்மவர்களால் வருவது. இது வலி மிகுந்தது, பேசப்படாததும்கூட. மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து இரண்டே ஆண்டில், 1708-ன் முடிவில், சிறை வைக்கப்பட்டார். அடைத்தது அங்கிருந்த டேனிஷ் தளபதி. அவரை அனுப்பியதோ டென்மார்க் அரசர். ஏறத்தாழ நான்கு மாதம் உள்ளே இருந்தார். இன்று இந்த வகை வேறு உருவத்தில் வரும்: மாதக்கணக்கில் நிறுத்திவைக்கப்படும் படிப்பணம், ஓய்வுநாள் தராத பொறுப்பாளர், அவமானப்படுத்தும் பேச்சு, பாலியல் தொல்லை. இவற்றைக் கேள்வி கேட்டால் "சிலுவையைச் சுமந்துகொள்" என்பார்கள். அந்தச் சொல்லுக்கு அடங்கிவிடாதீர்கள். சிலுவை தானாய் மனமுவந்து எடுப்பது. ஒருவரின் பாவத்தை மறைக்க இன்னொருவர் தோளில் ஏற்றுவது அல்ல. தேதி, நேரம், நடந்தது, உடனிருந்தவர் என்று எழுதிவையுங்கள். அமைப்புக்கு வெளியே உள்ள ஒருவரிடம் சொல்லுங்கள். குற்றம் நடந்திருந்தால் சட்டத்திடம் போங்கள். பிள்ளை ஒன்றுக்குத் தீங்கு நடந்திருந்தால், குழு கூடிப் பேசும்வரை காத்திராமல் அன்றைக்கே போங்கள்.

மூன்றாவது படி: செலவுக் கணக்கு

கோபுரம் கட்டுகிறவன் முன்னதாக உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கிறான் (லூக்கா 14:28). உட்கார்ந்து, காகிதத்தில் எழுதியே பாருங்கள். ஏழு தலைப்பு போதும்: உடல்நலம், பணம், திருமணவாழ்வு அல்லது தனிமை, பிள்ளைகள், பெற்றோர், பெயரும் மதிப்பும், உயிர். ஒவ்வொன்றின் கீழும் மூன்று வரி: எதை இழக்கக்கூடும், எந்த அளவுவரை ஏற்பேன், எந்த அளவு வந்தால் திரும்பிவருவேன். மூன்றாவது வரியை எழுதத் தயங்குவீர்கள். அதைத்தான் கட்டாயம் எழுதவேண்டும். முன்கூட்டி எல்லை குறிக்காதவர் நெருக்கடியின் நடுவில், காய்ச்சலோடும் பயத்தோடும் அதைத் தீர்மானிக்க நேரிடும்.

தம்பதியர் தனித்தனிக் காகிதத்தில், தனித்தனி அறையில் எழுதுங்கள். பிறகு மாற்றிக்கொண்டு வாசியுங்கள். இரண்டும் பொருந்தாத இடத்தை ஜெபத்தால் மூடிவிடாமல் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பயணம் ஆறு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரியின் மனைவி டாரதி முதலில் வர மறுத்தார். பயணம் தடைப்பட்டுத் தாமதமானபோது மறுபடியும் வற்புறுத்தப்பட்டு, கைக்குழந்தையோடு 1793-ல் கப்பலேறினார். மறு ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் சீதபேதியால் இறந்தான். டாரதியின் மனம் கலங்கிப்போயிற்று; 1807-ல் இறக்கும்வரை அது தெளியவேயில்லை. பக்கத்து அறையில் அவர் இப்படி இருக்கையில்தான் கேரியின் மொழிபெயர்ப்புகள் நடந்தன. கேரியின் உழைப்பைப் பாராட்டும் ஒவ்வொருவரும் டாரதியின் பக்கத்தையும் வாசிக்கவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒருவருடைய அழைப்பு இன்னொருவருக்குத் தண்டனையாகிவிடக்கூடாது.

அதே வாரத்தில் எழுத்தில் முடிக்கவேண்டியவை: உயில், இருவரும் இறந்தால் பிள்ளைகளுக்கு யார் காப்பாளர், நினைவிழந்தால் சிகிச்சை முடிவை யார் எடுப்பார், மரணம் நேர்ந்தால் அடக்கம் எங்கே, முதலில் யாருக்குச் சொல்லவேண்டும். கடத்தல் நேர்ந்தால் பணயத்தொகை குறித்து உங்கள் அமைப்பின் கொள்கை என்ன, கலவரத்தில் வெளியேற்றும் முடிவு யார் கையில் என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கொள்கையே இல்லை என்று சொல்லும் அமைப்போடு உடனே புறப்படாதீர்கள்.

நான்காவது படி: மூன்று பேர்

ஆயிரம் பேருக்கு ஜெபக் கடிதம் போகலாம். உண்மை போகவேண்டியது மூன்று பேருக்கு. ஒருவர் அனுப்பும் சபையிலிருந்து, ஒருவர் பணித்தள அனுபவமுள்ள மூத்தவர், மூன்றாமவர் உங்கள் சம்பளத்தின்மீதும் நியமனத்தின்மீதும் எந்த அதிகாரமும் இல்லாதவர். இந்த மூன்றாமவரை விட்டுவிடாதீர்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கிற இடத்தில் யாரும் முழு உண்மை பேசமாட்டார்கள்.

மாதம் ஒருமுறை, நிச்சயித்த நாளில், பேச்சு. கேள்விகளையும் முன்பே நிச்சயித்துவிடுங்கள், இல்லாவிட்டால் "எல்லாம் ஆண்டவர் கிருபை" என்பதோடு முடிந்துவிடும். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? கடைசியாக ஓய்வெடுத்த நாள் எது? யாரோடு பேச்சு நின்றிருக்கிறது? எந்த ஆறுதலைத் தேடி இரகசியமாய் எங்கே போகிறீர்கள்? ஜெபக் கடிதத்தில் எழுதாமல் விட்டது என்ன? கடைசிக் கேள்விதான் பெரும்பாலும் கதவைத் திறக்கும்.

ஜெபக் கடிதத்துக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். புதிய விசுவாசிகளின் பெயர், முகம் தெரியும் படம், கிராமத்தின் பெயர் மூன்றும் வேண்டாம். உங்கள் பாட்டைப் பெரிதாக்கி எழுதாதீர்கள். காணிக்கை கூடும், ஆனால் அந்த ஊர்க்காரர் ஒருவர் என்றாவது அதை வாசிப்பார். அவர் தம் ஊரை அந்த எழுத்தில் அடையாளம் காணமுடியாவிட்டால் உங்கள் பிரசங்கத்தையும் நம்பமாட்டார்.

முதல் வருஷம்: வேண்டாத பாட்டைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள்

இந்தக் காலத்தில் வருவது பெரும்பாலும் இரண்டாம் வகைப் பாடு. "மக்களைப்போலவே வாழ்கிறேன்" என்று கொதிக்கவைக்காத தண்ணீரைக் குடிப்பவர், கொசுவலையை ஒதுக்குபவர், தடுப்பூசியைத் தள்ளிப்போடுபவர் ஒவ்வொரு அணியிலும் உண்டு. அவர் நோயில் விழும்போது இராப்பகலாய்ப் பார்த்துக்கொள்வது யார்? ஏற்கெனவே அன்றாடப்பாட்டுக்கு அல்லாடும் உள்ளூர் விசுவாசிகள். தன்னைத் தேவையின்றி வருத்திக்கொள்பவர் தன் சிலுவையை அவர்கள் முதுகில் வைக்கிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்கு வைத்தியம் சொன்ன பவுல் (1 தீமோத்தேயு 5:23), துரோப்பீமுவை வியாதியாய் மிலேத்துவில் விட்டுப் போனார். எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டபோது தேவன் இரங்கினார் என்று நன்றியோடு எழுதினார். வியாதியைப் புனிதமாக்கியதாக எங்குமில்லை.

குறைந்தபட்சம் இவற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, ஆகையால் கண்ணளவில் போடாதீர்கள். மலத்தில் இரத்தம், சிறுநீர் வற்றுதல், பிள்ளை சோர்ந்து கண் சொருகுதல் இவற்றில் எது தெரிந்தாலும் கரைசலோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் போங்கள். மலேரியா உள்ள பகுதியில் காய்ச்சல் வந்தால் 24 மணி நேரத்துக்குள் இரத்தப் பரிசோதனை. ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து வரும் காய்ச்சலுக்கும் அந்தப் பகுதியில் இருந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு. ஞாயிறு உங்களுக்கு வேலை நாள், ஆகவே வேறு நாள் குறியுங்கள்.

மொழி கற்கும் காலத்தில் படித்தவரும் பிள்ளைபோல் ஆகிவிடுகிறார். ஊரில் பிரசங்கியாக இருந்தவருக்கு இங்கே தண்ணீர் கேட்கக்கூட வாய் வருவதில்லை, சிறுவர்கள் சிரிக்கிறார்கள். இந்த அவமானத்தை ஏற்பது நல்ல பயிற்சி. அதிலிருந்து தப்பிக்க அலுவலக வேலைக்குள்ளும் கட்டட வேலைக்குள்ளும் ஒளிந்துகொள்கிறவர்கள் பிற்பாடு மொழியே வராமல் தங்கிவிடுகிறார்கள்.

பிள்ளைகளின் பாடு தனி. அழைப்பு அவர்கள் கேட்டு வாங்கியது அல்ல. படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் நின்றுபோனபின் திரும்ப வருவது, பேச்சுக் குறைவது, காரணமில்லா வயிற்றுவலி ஆகியவற்றைச் சேட்டை என்று அடக்காதீர்கள். விடுதிப் பள்ளியா வீட்டுப் படிப்பா என்ற முடிவை ஒருமுறை எடுத்து முடித்துவிடாமல் ஆண்டுதோறும் பிள்ளையிடமே கேட்டு மறுபடியும் எடுங்கள்.

எதிர்ப்பு வெடிக்கும்போது

இதற்கான பை எப்போதும் தயாராய் இருக்கட்டும்: அடையாள ஆவணங்களும் அவற்றின் நகலும், ஒரு வாரத்துக்கான மருந்து, கொஞ்சம் ரொக்கம், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், தண்ணீர். தினமும் ஒரு நேரத்தில் ஒருவருக்குச் சேதி அனுப்பும் ஏற்பாடும், குறிப்பிட்ட நேரத்துக்குள் சேதி வராவிட்டால் அவர் யாரை அழைக்கவேண்டும் என்பதும் முடிவாகியிருக்கட்டும்.

முதல் 24 மணி நேரம்: காயப்பட்டவருக்கு மருத்துவம், எல்லாரும் எங்கே என்ற கணக்கெடுப்பு, பாதுகாப்பான இடம், மூன்று பேருக்கும் அமைப்புக்கும் தகவல். இந்த நேரத்தில் படத்தையோ காணொளியையோ பொதுவெளியில் போடாதீர்கள். கோபத்தில் பரப்பிய ஒரு காணொளி அடுத்த கிராமத்து விசுவாசிகளைத் தாக்கும் சாக்காகலாம். அதை யார் பகிர்ந்தார் என்று பார்த்துத்தான் பழிவாங்குவார்கள்.

மூன்று நாளுக்குள்: கண்டவர்களைத் தனித்தனியே விசாரித்து நடந்ததை எழுதுங்கள். பார்த்தது ஒரு பத்தி, கேள்விப்பட்டது வேறு பத்தி. மருத்துவச் சான்று வாங்குங்கள். ஒரு வழக்கறிஞரிடம் கேட்டபின் புகார் கொடுங்கள். இரண்டிரண்டு பேராய் வீடுவீடாகப் போய் விசுவாசிகளோடு உட்காருங்கள், பிரசங்கம் வேண்டாம்.

இருப்பதா போவதா என்ற முடிவில் ஓர் அடிப்படை உண்மை மறந்துபோகிறது. வெளியிலிருந்து வந்தவருக்குப் போக ஓர் ஊர் இருக்கிறது. உள்ளூர் விசுவாசிக்கு இல்லை. அடியில் பெரும்பங்கு அவர் முதுகில்தான் விழும், அவருடைய பிள்ளைதான் பள்ளியில் ஒதுக்கப்படும். ஆகவே முடிவை அவர்களோடு சேர்ந்து எடுங்கள். நீங்கள் இருப்பதால் ஆபத்துக் கூடுகிறது என்று அவர்கள் சொன்னால், உங்கள் வீர உணர்வு என்ன சொன்னாலும் கிளம்புங்கள். இருக்கச் சொல்லிக் கேட்டால் கூடுமானவரை இருங்கள். அவர்களை விட்டுவிட்டு அதிகாலையில் சொல்லாமல் போவது மட்டும் கூடவே கூடாது.

ஆபத்து தீர்ந்தபின் வரும் சரிவு

இதைப் புதியவர்கள் எதிர்பார்ப்பதேயில்லை, ஆகையால் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813-ல் பர்மாவுக்கு வந்தவர். 1824 ஜூன் மாதம், ஆங்கிலேயரோடு நடந்த போர்க்காலத்தில், ஒற்றனென்று சந்தேகிக்கப்பட்டுத் தலைநகர் ஆவாவில் சிறைப்பட்டார். காலில் விலங்கு, இரவில் கைதிகளின் கால்களை ஒரு மூங்கிலில் கோத்து மேலே தூக்கிவிடுவார்கள், தோளும் தலையும் மட்டும் தரையில் கிடக்கும். மனைவி ஆன் கர்ப்பிணியாயிருந்தும் நாள்தோறும் அதிகாரிகளின் வாசலில் நின்றார். புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்து, யாரும் ஆசைப்படாத அளவுக்குக் கரடுமுரடாக்கிச் சிறைக்குக் கொடுத்தனுப்பினார். ஒன்றரை ஆண்டுக்குமேல் நடந்த இந்தப் பாட்டில் ஜட்சன் உடையவில்லை.

விடுதலைக்குப்பின் 1826 அக்டோபரில், அவர் வெளியூரில் இருக்கையில், ஆன் இறந்தார். ஆறு மாதத்தில் இரண்டு வயது மகள் மரியாவும் இறந்தாள். அதன்பின்தான் அவர் சரிந்தார். காட்டில் தனிக்குடிசையில் ஒதுங்கினார், தமக்கென ஒரு கல்லறையைத் தோண்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மீண்டெழ வருஷங்கள் ஆயின. பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பை 1834-ல் முடித்தார்.

ஆபத்தின் நடுவில் உடலும் மனமும் வேலை செய்வதிலேயே குறியாயிருக்கும். துக்கத்துக்கு இடம் கிடைப்பது அமைதி வந்தபின். எனவே பெரிய அதிர்ச்சிக்குப்பின் இரண்டு மாதத்துக்காவது புதுப் பொறுப்பு எதையும் ஏற்காதீர்கள். நடந்தது கனவிலும் விழிப்பிலும் திரும்பத் திரும்ப வருவது ஒரு மாதம் கடந்தும் நீடித்தால், அல்லது எதிலும் பிடிப்பில்லாமை, தூக்கக் கோளாறு, தன்னையே வெறுப்பது ஆகியவை இரண்டு வாரம் விடாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், அன்றிரவு தனியே படுக்காதீர்கள். உடன் ஊழியர் அப்படிச் சொல்லக் கேட்டால் நீங்களும் அவரைத் தனியே விடாதீர்கள். மாத்திரை சாப்பிடுவதால் விசுவாசம் குறைந்துவிடாது.

சூரைச்செடியின்கீழ் சாகக் கேட்ட எலியாவைத் தேவன் நடத்தின ஒழுங்கைப் படியாகவே எடுத்துக்கொள்ளலாம் (1 இராஜாக்கள் 19). முதலில் தூக்கம். பிறகு அடையும் தண்ணீரும். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. அதன்பின் நீண்ட நடை. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. கேட்டபோதும் கண்டிக்காமல் அவர் சொல்வதை இரண்டுமுறை கேட்கிறார். கடைசியில் புது வேலை, கூடவே எலிசா என்னும் துணை. நாமோ சோர்ந்தவரைக் கண்டவுடன் கேள்வியிலிருந்து தொடங்குகிறோம்.

புலம்பலையும் பழகுங்கள். 13-ம் சங்கீதத்தை மாதிரியாக வைத்து ஒரு பக்கம் எழுதுங்கள்: தேவனை நோக்கிக் கூப்பிடுதல், உள்ளதை உள்ளபடி முறையிடுதல், கேட்கவேண்டியதைக் கேட்டல், நம்பிக்கையைச் சொல்லுதல். கடைசிப் பகுதி வராத நாளில் பொய்யாய் எழுதிச் சேர்க்காதீர்கள். 88-ம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

மன்னிப்பும் வழக்கும்

"மன்னித்துவிட்டால் புகார் எதற்கு" என்ற குழப்பம் வரும். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் மகன்கள் பிலிப்பு, திமோத்தேயுவும் வாகனத்துக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ், கொன்றவர்களை மன்னிப்பதாக வெளிப்படையாய்ச் சொன்னார். மகளோடு ஒடிசாவிலேயே தங்கித் தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்தார். அரசு தொடுத்த வழக்கு தன் வழியில் நடந்து தீர்ப்பும் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. பழியை விடுவது உங்கள் கையில் உள்ளது. அடுத்தவர் பாதிக்கப்படாதபடி தடுப்பது சட்டத்தின் வேலை. 1900-ல் வெளிநாட்டவருக்கு எதிராகச் சீனாவில் எழுந்த பாக்ஸர் கலகத்தில் சீன உள்நாட்டு மிஷன் 58 பெரியவர்களையும் 21 பிள்ளைகளையும் இழந்தது. ஹட்சன் டெய்லரின் தலைமையில் இருந்த அந்த மிஷன் நஷ்டஈட்டை வாங்க மறுத்தது. வாங்கியிருந்தால் அந்தச் சுமை சீன மக்கள்மேல் விழுந்திருக்கும். வாங்குவதா விடுவதா என்று நீங்கள் தீர்மானிக்கும்போது இதையே கேளுங்கள்: இந்தத் தொகை கடைசியில் யாருடைய பையிலிருந்து வரும்? உள்ளூர் விசுவாசியின் வீடு எரிந்திருந்தால் அவருக்கு உரிய ஈட்டை அவர் சார்பில் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த உரிமை உங்களுக்கில்லை. காயம் ஆறாதவரிடம் "மன்னித்தீர்களா" என்று முதல் வாரத்திலேயே கேட்கவும் கேட்காதீர்கள்.

கனியில்லாத வருஷங்கள்

யாரும் அடிக்காமலும் பாடுபடலாம். ராபர்ட் மாரிசன் 1807-ல் சீனாவுக்குப் போய் முதல் ஞானஸ்நானம் கொடுத்தது 1814-ல். ஜட்சனுக்கு ஆறு ஆண்டு. கேரிக்கு ஏழு ஆண்டு. இந்தக் காலத்தில் செய்யப்படும் பெரிய தவறு எண்ணிக்கையை ஊதுவது. கை உயர்த்தியவரை எல்லாம் விசுவாசி என்று எழுதுவது. அறிக்கையில் "இந்தக் காலாண்டில் யாரும் ஏற்கவில்லை" என்று எழுதத் துணியுங்கள், செய்த வேலையைத் தனியே எழுதுங்கள்: கற்ற மொழிப்பாடம், சந்தித்த வீடுகள், மொழிபெயர்த்த அதிகாரம். அனுப்பும் சபையும் இந்த அறிக்கையை ஏற்கப் பழகவேண்டும். எண்ணிக்கை குறைந்ததும் காணிக்கையை நிறுத்தும் சபைதான் பொய்யறிக்கைக்கு முதற்காரணம்.

திரும்பி வருவது

பவுலோடு ஊழியப் பயணம் போன மாற்கு, நடுவில் பெர்கேயிலிருந்து எருசலேமுக்குத் திரும்பிப்போனார். அவரைக் குறித்துப் பவுலும் பர்னபாவும் பிரியுமளவுக்குக் கோபமூண்டது. பிற்பாடு அதே பவுல், மாற்கைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதுகிறார். திரும்பி வந்தவரைப் பர்னபா கைவிடாதிருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

செலவுக் கணக்கில் குறித்த எல்லை வந்துவிட்டதென்று மூன்று பேரில் இருவர் சொன்னால் திரும்பிவாருங்கள். சோர்வின் உச்சத்தில் தனியாக முடிவெடுக்காதீர்கள். முதலில் இரண்டு வாரம் தளத்தைவிட்டு விலகி ஓய்வெடுத்து, அதற்குப் பிறகு தீர்மானியுங்கள். வந்த முதல் மாதத்தில் முழு மருத்துவப் பரிசோதனை, பல் பரிசோதனை, குடற்புழுப் பரிசோதனை. நடந்ததை ஆதியோடந்தமாகக் கேட்க ஒருவரோடு குறைந்தது இரண்டு நீண்ட அமர்வு. தம்பதியருக்குச் சேர்ந்தும் தனித்தனியாகவும், பிள்ளைகளுக்கு வேறாகவும். அதுவரை சபை மேடையில் சாட்சி சொல்ல ஒப்புக்கொள்ளாதீர்கள். கைதட்டலுக்கேற்பக் கதை மாறத் தொடங்கிவிட்டால் உள்ளே இருக்கும் துக்கம் வெளிவராமலே போய்விடும்.

மறுபடி போக விரும்பினால் செலவுக் கணக்கைப் புதுக் காகிதத்தில் எழுதுங்கள், பழையதைப் பார்க்காமல். இம்முறை பத்து வயது கடந்த பிள்ளைகளும் தங்கள் தாளை எழுதட்டும். பணித்தளத்துச் சபைக்கும் ஒரு கடிதம் எழுதி, உங்களை மறுபடி அழைக்கிறார்களா, எந்த வேலைக்கு என்று கேளுங்கள். அவர்களுடைய பதில் வந்தபின் விசாவுக்கு விண்ணப்பியுங்கள்.